சூப்பரிண்டென்ட் செடி

"இப்ப இன்னா பண்றது, சொல்லுங்க" என்று ஜைதூன் பீ கேட்டபோது, ஆடு கடைசி இலையை மென்றுகொண்டிருந்தது.

அவள் புருஷன் பீர் முஹம்மது குனிந்து பார்த்தார். நேற்று வரை முழங்கால் உயரத்துக்கு நின்ற செடி இருந்த இடத்தில், இன்று காலை விரல் நீளத்துக்கு ஒரு குச்சி மட்டும் நின்றது. அதன் பக்கத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த பலகை. பலகையில் யாராலும் ஒரே மூச்சில் படிக்க முடியாத இங்கிலீஷ் பெயர்.

தியாகராய நகரில் பஸ் திரும்பும் மூலையில் இருந்த அந்தச் சின்னப் பூங்காவுக்குக் காவல்காரர், தோட்டக்காரர் எல்லாம் அவர்தான். செடியோ, தோட்ட இலாகா சூப்பரிண்டென்ட் வேதநாயகம் போன வருஷம் ஊட்டி மலர்க் கண்காட்சியிலிருந்து கொண்டுவந்தது. தம் கையாலேயே நட்டு, பித்தளைச் சொம்பால் தண்ணீர் ஊற்றி, இது ஏழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும் என்று பிரசங்கமும் செய்தார். அன்று முதல் அதற்குச் சூப்பரிண்டென்ட் செடி என்றே பெயர்.

பூங்காவுக்குள் ஆடு மாடு வந்தால் காவல்காரனுக்கு வேலை போய்விடும். மூலையில் இலாகா கொடுத்திருந்த ஓட்டு அறையையும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். முன்பு இருந்தவர் ஓர் எருமைக்காகப் போனார். அந்த எருமை அவருடையதுகூட இல்லை. இந்த ஆடோ, பக்ரீத்துக்காக ஜைதூன் பீ அறைக்குப் பின்னால் மறைத்து வளர்ப்பது.

"கட்டித்தானே வெச்சிருந்தே?"

"கட்டித்தான் வெச்சேன். கயித்த மொதல்ல தின்னுடுச்சு."

பீர் முஹம்மது பூங்காவின் பின்புறம் போய் ஒரு கொய்யாக் கிளையை ஒடித்து வந்தார். குச்சியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கிளையை நட்டார்.

"இலை வேற மாதிரி கீதே" என்றாள் ஜைதூன் பீ.

"இலைய யாரு பாக்குறாங்க? எல்லாரும் பலகையத்தான் படிக்கிறாங்க."

பன்னிரண்டு மணி வரை அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு கிளை தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. வெயில் படாமல் இருக்கட்டும் என்று நான்கு கழி நட்டு, மேலே கோணிப்பையை விரித்துக் கட்டினார்.

அதுதான் வினையாகப் போயிற்று. செடியாக நின்ற ஒரு வருஷமும் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது கோணிப்பந்தலைப் பார்க்காமல் யாரும் தாண்டவில்லை. மாலையில் ரேடியோ கேட்க வந்தவர்கள்கூட ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தலைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

முதல் பெஞ்சில் உட்காருபவர் தேசிகாச்சாரி. முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் கடிதம் எழுதியே பென்ஷன் வாங்கியவர்.

"என்ன பாய், செடிக்குப் பந்தல் போட்டிருக்கே. கல்யாணமா?"

"வெயில் ஆவறதில்ல சாமி."

"ஒரு வருஷமா ஆச்சே அந்த வெயில்."

பீர் முஹம்மது பந்தல் கழியை ஒரு தரம் அழுத்தி ஊன்றினார். ஆளை எப்படியாவது அனுப்பினால் போதும் என்று, "இப்ப மொட்டு வெக்கிற சமயம் சாமி. அதான்" என்று சொல்லிவிட்டார்.

தேசிகாச்சாரி அப்போதே எழுந்து வீட்டுக்குப் போனார். பென்ஷன் வாங்கிய நாளாக எழுத விஷயம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் அவர். மறுநாள் காலைத் தபாலில் சூப்பரிண்டென்டுக்கு நான்கு பக்கத்தில் ஒரு வாழ்த்துக் கடிதம் போயிற்று. ஆபீஸ் வழக்கப்படி, தகவலுக்காக ஒரு நகல் மேலதிகாரியான பெரிய துரைக்கும் போயிற்று.

வியாழக்கிழமை இலாகா பியூன் தேசப்பன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"பாய், சனிக்கிழமை காலையில எட்டு மணிக்குப் பெரிய துரையோட சம்சாரம் பூவப் பாக்க வருது. நம்ம ஐயாவும் கூட வராரு."

"பூவா? மொட்டுன்னுதானே நான் சொன்னேன்?"

"கடுதாசில சனிக்கிழமைக்குள்ள மலரும்னு போட்டுக்கீது."

"ஐயா இன்னா சொன்னாரு?"

"ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாரு. ஃபேனப் போடச் சொன்னாரு. அது ஏற்கெனவே சுத்திக்கினுதான் இருந்துச்சு."

அவன் போனதும் பீர் முஹம்மது கேட்டுக்கு வெளியே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த கெங்கம்மாவிடம் போனார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் சிரித்து முடித்தாள். அதற்கே நேரம் ஆயிற்று.

"சரி பாய், பூவு இன்னா நிறம்?"

"தெரியாது."

"வாசனை?"

"யாரும் மோந்ததில்ல."

"அப்போ கவலைய வுடு. கல்யாணத்துக்கு மாலை கட்டினாத்தான் பொண்ணு வூடு ஒரு குத்தம், புள்ள வூடு ஒரு குத்தம். இதுல எவன் குத்தம் சொல்லுவான்? ஆனா ஒண்ணு. இனிமே நான் கேட்டுக்கு உள்ள, மரத்தடியிலதான் குந்துவேன்."

"குந்து தாயே."

சனிக்கிழமை விடிந்ததும் ஒரு புதுக் கொய்யாக் கிளை நட்டார்கள். கெங்கம்மா ஒரு தாமரை மொட்டின் இதழ்களை உள்பக்கமாக மடித்தாள். சுற்றிலும் தாழம்பூ மடலைக் கீறிச் செருகினாள். நடுவில் கனகாம்பரத்தைக் குத்தாக வைத்து, கிளை நுனியில் வாழைநாரால் இறுக்கினாள். ஜைதூன் பீ தள்ளி நின்று பார்த்தாள்.

"இப்படி ஒரு பூவு இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

ஏழரை மணிக்கே பூங்கா நிறைந்துவிட்டது. மயிலாப்பூரிலிருந்து ஜட்கா வைத்துக்கொண்டு பெண்கள் வந்திருந்தார்கள். தேசிகாச்சாரி தலைப்பாகை கட்டி, வரவேற்புப் பத்திரத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு முன்னால் நின்றார்.

எட்டு மணிக்குக் கார் வந்தது. துரைசானி முதலில் இறங்கினாள். பின்னால் இறங்கிய வேதநாயகத்தின் முகம் வெளுத்திருந்தது. பூவைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. அதை எடுக்கவும் இல்லை.

"ஐயாவுக்குச் சந்தோஷத்துல பேச்சே வரல" என்றது கூட்டம்.

பேச்சு வந்தபோதும் ஒழுங்காக வரவில்லை. செடியின் பெயரைப் பலகையைப் பார்த்தே படித்தார். அதுவும் பாதியில் நின்றது.

"தாழம்பூ வாசனைன்னா வரது" என்றார் தேசிகாச்சாரி.

"ஊட்டிப் பூவுங்க எல்லாம் அப்படித்தான் சாமி, நல்ல வாசனையாப் பாத்து வெச்சுக்கும்" என்று பின்னாலிருந்து கெங்கம்மா குரல் கொடுத்தாள்.

துரைசானி குனிந்தாள். அழகு, அழகு என்று அவள் பாஷையில் இரண்டு தரம் சொன்னாள். அப்புறம், கையுறையைக் கழற்றிவிட்டுப் பூவைப் பறிக்கக் கையை நீட்டினாள்.

பீர் முஹம்மது கண்ணை மூடிக்கொண்டார். வாழைநார், கொய்யா, ஆடு, ஓட்டு அறை எல்லாம் வரிசையாக அவர் கண்ணுக்குள் வந்தன.

"நோ, மேடம்."

கத்தியவர் வேதநாயகம். துரைசானிக்கும் பூவுக்கும் நடுவே பாய்ந்து நின்றார். கை பட்டால் செடியே பட்டுப்போகும், மூச்சுக் காற்றுகூட ஆகாது, பத்தடி தள்ளி நிற்பதுதான் சாஸ்திரம் என்று இங்கிலீஷில் மளமளவென்று சொன்னார். துரைசானி பயந்து பின்வாங்கினாள். கூட்டமும் பின்வாங்கியது. தேசிகாச்சாரி பத்திரத்தைப் பிரிப்பதற்குள் வேதநாயகம் துரைசானியைக் காரில் ஏற்றிவிட்டார். தாம் ஏறும்போது மட்டும் திரும்பி, பீர் முஹம்மதைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பார்வை ஜைதூன் பீக்குப் போதுமானதாக இருந்தது. கூட்டம் கலைவதற்குள் பானைகளை அடுக்கிவிட்டாள்.

"உன் தங்கச்சி வூட்ல இடம் கீதா?" என்று கேட்டார் பீர் முஹம்மது.

"நமக்குக் கீது. ஆட்டுக்கு இல்ல."

பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது சைக்கிள் மணி கேட்டது. தேசப்பன் திரும்பி வந்திருந்தான். மூச்சு வாங்கியது.

"தெரியும் தேசப்பா. சாவிய வாங்கிக்கினு போவத்தானே வந்தே? இந்தா."

"சாவிய யாரு கேட்டா? ஐயா ஒரு விஷயம் கேட்டு அனுப்பிச்சாரு. யாருக்கும் தெரியக்கூடாதாம்."

தேசப்பன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, பீர் முஹம்மதின் காதருகே குனிந்தான்.

"ஊட்டிச் செடி காட்பாடி தாண்டறதுக்குள்ளயே ரயில்ல செத்துப்போச்சாம் பாய், ஐயா இங்க நட்டது ராயப்பேட்டையில எவன் வூட்டு வேலியிலயோ ஒடிச்ச குச்சியாம், அதுல நீ எப்படிப் பூவ வரவெச்சேன்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு."