ஏசி ரூம் மாப்பிள்ளை

வேலை பார்க்கிற இடம் சரியில்லை என்றால் மனுஷனுக்குப் புத்தியும் சரியாக இருக்காது. இதை நான் மேடை போட்டுச் சொல்வேன். நானே அத்தாட்சி.

கள்ளக்குறிச்சியில் ஒரு மக்காச்சோள மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன் (இப்போதும் அங்கேதான்). தகரக் கூரை போட்ட அறை, ஜன்னல் கிடையாது. மதியத்துக்கு மேல் யார் வந்து பேசினாலும் வள்ளென்று விழுவேன். தலைவலி வேறு. "ஏசி போட்டாதான் இனிமே கணக்கு" என்று முதலாளியிடம் மல்லுக்கு நின்று, மூடிப்போன லாட்ஜ் ஒன்றின் பழைய ஏசியை மாட்ட வைத்தேன். மண்டி வரலாற்றில் இப்படியொரு வெற்றி எவனுக்கும் கிடைத்ததில்லை!

அந்தச் சூட்டோடு, பெண் பார்க்கப் போன வீட்டில் "ஏசி ரூம்ல வேலைங்க" என்று ஒரு போடு போட்டேன். பெண் பெயர் மலர்க்கொடி, ஜவுளிக்கடையில் வேலை. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவள் அப்பாதான், "வேலை செய்யற எடத்த ஒருதபா பாத்துட்டு சொல்றங்க" என்றார். என்றைக்கு வருவார் என்று சொல்லவில்லை.

இதற்குள் ஏசி தன் வேலையைக் காட்டியது. சோளத் தூசியும் குளிரும் சேர்ந்து எனக்கு அடுக்குத் தும்மல். முதலாளி தன் மதியத் தூக்கத்தை அங்கே மாற்றிக்கொண்டார். தன் மச்சான் வீட்டு விசேஷத்துக்காகக் கல்வராயன் மலையிலிருந்து வந்த பலாப்பழங்களையும், சீக்கிரம் பழுத்துவிடக் கூடாதென்று, உள்ளே அடுக்கிவிட்டார். நான் மேசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் புங்கமரத்தடிக்கு வந்தேன். நல்ல நிழல், நல்ல காற்று. தும்மல் போச்சு, தலைவலி போச்சு. "இன்னா சார், சிரிக்கிறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று வண்டிக்காரர்களே பயந்தார்கள்.

அப்படிப் பனியனோடு உட்கார்ந்திருந்த ஒரு மதியம், ஷேர் ஆட்டோவிலிருந்து மலர்க்கொடியும் அவள் அப்பாவும் இறங்கினார்கள்.

ஏசி இல்லை என்றால் பெண் இல்லை! சட்டையை மாட்டிக்கொண்டு அறைக்குள் பாய்ந்தேன். மேசைதான் வெளியே இருக்கிறதே? கால்குலேட்டரைக் கையில் பிடித்தபடி பலாப்பழங்களுக்கு நடுவே கம்பீரமாக நின்றேன்.

கதவு திறந்தது. வாசலில் இரண்டு பேரும். "இதான் ஆபீசுங்களா?" என்றார் அவள் அப்பா.

"ஆமாங்க, ஃபுல் ஏ..." என்பதற்குள் தும்மல். விடாமல் வந்தது. கடைசித் தும்மலில் நிலை தடுமாறி ஒரு பலாப்பழத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் போட்ட "ஐயோ அம்மா"வில், மூட்டைக்குப் பின்னால் தூங்கிய முதலாளி போர்வையை விலக்கி எழுந்தார்.

"டேய், மரத்தடில வேலை செய்யறவனுக்கு இங்க இன்னாடா வேலை? கதவ சாத்து, ஜில்லு பூரா வெளிய போவுது!"

மானம் கப்பலேறியது. "அப்ப ஏசி பலாப்பழத்துக்குங்களா?" என்றார் அவள் அப்பா, ரொம்ப மரியாதையாக.

மலர்க்கொடியைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே நினைத்து வெளியே ஓடினேன். அவள் புங்கமரத்தடியில், செருப்பைக் கழற்றிவிட்டு, என் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க கடையும் ஃபுல் ஏசிதாங்க" என்றாள். "காலைலேர்ந்து ராத்திரி வரிக்கும் நின்னுக்கினே கெடக்கணும். குந்த ஒரு ஸ்டூலு கெடயாது. காலு வீங்கிப் பூடுது. உங்களுக்கு நாற்காலியே குடுத்திருக்காங்க!" என் பின்னாலேயே வந்துவிட்ட அப்பா பக்கம் திரும்பி, "எனக்குப் புடிச்சிருக்குதுப்பா" என்றாள்.

"பொய் சொன்னாரேம்மா?"

"அதுக்குத்தான் முள்ளு குத்திச்சே, வுடுப்பா."

கல்யாணம் முடிந்து வருஷங்கள் ஆகின்றன. வீட்டில் இருக்கிற ஒரே சாய்வு நாற்காலி மலர்க்கொடிக்குத்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் பலா சீசனில் மாமனார் பெரிய பழமாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வருவார். எல்லாரும் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து அதைக் கூடத்தின் நடுவே வைத்துவிட்டு, கை காட்டிச் சொல்வார்:

"குந்துங்க மாப்ள."