தூக்குவாளிக்குப் பெல்ட்டு போட்டவர்

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர்களில் ‘நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் காலை ஆறு மணிக்குப் போடியில் வந்து நில்லுங்கள். டீக்கடைக்கு ஒருவராவது கிடைப்பார்.

சோலையம்மாள் பதினோரு வருசமாகப் பார்த்து வருவது பாண்டித்துரையை. போடிக்குப் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி, மலையில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள், ஜீப்பில் டிரைவருக்கு நேர் பின்னால் அவள் இடம். வாய் திறக்க மாட்டாள். கண்ணை மட்டும் மூட மாட்டாள்.

பாண்டித்துரை ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக சீட்டு பெல்ட்டை இழுப்பார். ஆகா, என்ன பொறுப்பு என்று அவசரப்பட்டு மெச்சாதீர்கள். இழுத்த பெல்ட்டைத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டு, இடப்பக்கம் நிற்கும் தூக்குவாளியைச் சுற்றிக் கொண்டுவந்து, ‘டிக்’கென்று மாட்டி, அசைகிறதா என்று ஒரு தரம் ஆட்டியும் பார்ப்பார். உள்ளே அவர் பெண்சாதி சூர்யகலா வைத்த கருவாட்டுக் குழம்பு. என்றைக்கோ ஒரு நாள் ஏழாவது வளைவில் அது கவிழ்ந்து, அவர் அன்று பட்டினி கிடந்து, வண்டி ஒரு மாசம் நாறியதில் கற்ற பாடம். பாதுகாப்பு என்றால் என்னவென்று அவருக்கா தெரியாது?

செக்போஸ்ட்டு நெருங்கினால் மட்டும், சபரிமலைக்கு மாலை போட்டபோது வாங்கிய கறுப்புத் துண்டை நாலாக மடித்துத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போட்டுக்கொள்வார். பனிமூட்டத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் போதாதா?

“அண்ணே, அந்தப் பெல்ட்டை உங்களுக்குத்தான் போட்டா என்ன?” என்பாள், சோலையம்மாளுக்குப் பக்கத்தில் உட்காரும் சந்திரவல்லி. அவளுக்கு வாய் ரெண்டு.

“போ ஆத்தா. இருபத்தாறு வருசமா ஓட்டுறேன். இந்த வளைவுக்கெல்லாம் என்னைத் தெரியும்.”

“வளைவுக்குத் தெரியும்ணே. எதுக்க வர்ற லாரிக்குத் தெரியுமா?”

“லாரிக்கும் தெரியும்.”

இவ்வளவுக்கும், வெரசா ஏறி இறங்க இடைஞ்சலாக இருக்கிறதென்று தன் பக்கத்துக் கதவையே கழற்றி வீட்டில் வைத்திருக்கும் மனுசன் அவர். வண்டி இடது பக்கம் ஒடித்துத் திரும்பும்போதெல்லாம் அவர் வலது பக்கம் சரிவார். அந்தப் பக்கம் பள்ளம். அவர் போய்விட்டால் பிரேக்கை யார் மிதிப்பது? பின்னால் பதினாலு பேர், பதினாலு சோத்துச் சட்டி.

சொல்லக் கூச்சப்பட்ட சோலையம்மாள் ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொரு வளைவிலும் கையை நீட்டி அவர் சட்டை முதுகைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். வளைவு முடிந்ததும் விட்டுவிடுவாள். பதினோரு வருசம். அவர் காற்று இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டார். “மத்தவுகளுக்குக் காலரு கிழியும், ஒங்களுக்கு மட்டும் ஏங்க முதுகு கசங்குது?” என்று சூர்யகலா துவைக்கும்போதெல்லாம் கேட்டாள். அதற்கும் காற்றுதான்.

போன ஐப்பசியில், பதினோராவது வளைவில், பனிக்குள் ஒரு காட்டுமாடு நடுரோட்டில் நின்றது. அதற்குப் பாண்டித்துரையைத் தெரியவில்லை. அவர் இடது பக்கம் ஒடித்து பிரேக்கை மிதித்தார், வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை. பித்தான் ஒன்று கண்ணாடியில் தெறித்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கால் வெளியே, சட்டை கழுத்துவரை ஏறி, துவைத்துக் கொடியில் போட்டதுபோலத் தொங்கினார். கொடியின் மறு முனையில் சோலையம்மாளின் ரெண்டு கை.

நாலு பேர் சேர்ந்து இழுத்து உள்ளே போட்டார்கள். மூச்சு வந்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“குழம்பு?”

“ஒரு சொட்டு சிந்தலண்ணே,” என்றாள் சந்திரவல்லி. “அது பெல்ட்டு போட்டிருக்கு.”

ஜீப்பே சிரித்தது. சோலையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பதினோரு வருசத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“அண்ணே, எனக்குக் கை வலிக்குதுண்ணே.”

“என்னத்தா சொல்ற?”

“நாளையிலிருந்து பிடிக்க மாட்டேன்.”

அவர் திரும்பி அவள் கையைப் பார்த்தார். அதில் அவர் சட்டைத் துணி ஒரு துண்டு இருந்தது. காற்று என்று நினைத்ததெல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்து போனது. தூக்குவாளியை அவிழ்த்து அவளிடம் நீட்டிவிட்டு, பெல்ட்டைத் தன் மேல் மாட்டினார். ஒரு தரம் ஆட்டியும் பார்த்தார்.

இவரைப் பார்த்துச் சிரிக்கிற நீங்கள், ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறவர்தானே? அடுத்த தெருவுக்குத்தானே என்பவர்தானே? எதற்கும் இன்றைக்குச் சட்டையைக் கழற்றும்போது அதன் முதுகை ஒரு தரம் பாருங்கள். கசங்கியிருந்தால் காற்று என்று நினைக்காதீர்கள்.

பாண்டித்துரை இப்போது பெல்ட்டு போடுகிறார். கதவையும் மாட்டிவிட்டார். தூக்குவாளி சோலையம்மாள் மடியில் போகிறது. வாரத்துக்கு ஒரு நாள் குழம்பு சிந்துகிறது.