எண்பது கிலோ பிரேக்

பிரேக்கை மிதித்ததும் கண்ணாடிக்காரர் பின்னால் போனார். கார் முன்னால் போனது.

கார் போனது திரையில். வளைவில் திரும்பாமல் நேராகப் புல்வெளியில் இறங்கி, ஒரு விளம்பரப் பலகையைச் சாய்த்துவிட்டு, டயர் அடுக்கில் முட்டி நின்றது. கண்ணாடிக்காரர் போனது நிஜத்தில். சக்கரம் வைத்த நாற்காலி அவரைச் சுமந்துகொண்டு வழவழப்பான தரையில் உருண்டு, துணி அலமாரியில் 'தொம்' என்று மோதியது. அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டி கவிழ்ந்து, பழைய தலையணை உறைகள் எல்லாம் அவர் தலையில் இறங்கின.

"இன்னைக்கு எத்தனாவது?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"பதினேழாவது தடவை."

"முட்டினதைக் கேக்கலைங்க. ரேஸ்ல எத்தனாவதுன்னு கேட்டேன்."

"இன்னும் முதல் வளைவையே தாண்டலைம்மா."

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று பத்தொன்பது வருஷமாக ஊரார் கண்ணைச் சோதித்து வருகிறவர். நிஜக் காரை நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. சைக்கிள் முந்தினாலும் வழிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரின் மச்சினன் சின்ன வீட்டுக்குக் குடிபோனபோது, தன்னுடைய கார் பந்தய விளையாட்டுச் சாமான்களை, அதாவது ஸ்டீயரிங், மூன்று பெடல், பெரிய திரை எல்லாவற்றையும் அத்தான் குடியிருக்கும் மாடி வீட்டு அறை ஒன்றில் இறக்கி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். சும்மா உட்கார்ந்து பார்த்தவருக்கு நாற்பத்தெட்டு வயதில் பித்துப் பிடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இணையத்தில் கூடிப் பந்தயம் விடும் சங்கம் ஒன்றிலும் சேர்ந்தார். இருபத்திரண்டு பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும்தான். எட்டு வாரமாக அவர் கார் தார்ச்சாலையில் ஓடியதைவிடப் புல்லில் ஓடியதே அதிகம் என்பதால், அவருக்கு அங்கே 'புல்வெட்டி' என்று பெயர் விழுந்திருந்தது.

மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். இடுப்பில் கை வைத்து வந்து நின்றாள்.

"நாள் முழுக்கக் கால் வராதவங்களுக்கு நான் கால் வர வைக்கிறேன். வீட்டுக்கு வந்தா நல்லா இருக்கற காலை வெச்சுக்கிட்டு நீங்க இந்தப் பாடு படறீங்க. என் தம்பி சாமானாச்சேன்னு பொறுத்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ரேஸை முழுசா முடிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை வண்டி வெச்சு அவன் வீட்டுக்கே அனுப்பிடுவேன்."

"நாற்காலி ஓடுதும்மா. அதான் கோளாறு."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

கண்ணாடிக்காரர் மச்சினனுக்குப் போன் போட்டார். மச்சினனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. முழுதாகத் தெரிந்த விஷயமும் இல்லை.

"அத்தான், பந்தயக் காரு பிரேக் நம்ம வீட்டுக் காரு மாதிரி பஞ்சு கிடையாது. எண்பது கிலோ அழுத்தம் குடுக்கணும். நீங்க அழுத்தறதெல்லாம் நாற்காலி உருளறதுலயே போயிடுது. அப்புறம் பிரேக்குக்கு என்ன மிஞ்சும்?"

"அதான் நானும் சொல்றேன் மச்சான்!"

"முறை இருக்கு அத்தான். நேர் ரோட்டுல இடி மாதிரி ஒரே மிதி. வளைவுக்குள்ள நுழைய நுழைய, தூங்கற குழந்தை மேலேருந்து கையை எடுக்கற மாதிரி மெள்ள மெள்ள விடணும். ஆக்ஸிலேட்டரைப் பச்சை முட்டைன்னு நினைச்சுக்கோங்க. க்ளட்ச் கடிக்கற இடம் எதுன்னு காலுக்குத் தெரியணும். முதல்ல அந்தச் சக்கரத்தைக் கழட்டுங்க."

சக்கரத்தைக் கழற்றினார். இடி மாதிரி மிதித்தார். நாற்காலி பின்னால் போகவில்லை, பின்னால் சாய்ந்தது. கால் இரண்டும் மேலே, தலை கீழே என்று கிடந்தபடி, தன் கார் புல்லுக்குள் போவதை அவர் தலைகீழாகப் பார்த்தார்.

துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து நாற்காலியையும் பெடல் பலகையையும் சேர்த்துக் கட்டினார். இப்போது நாற்காலி, பெடல், அவர் என மூன்றும் ரயில் பெட்டிகள்போல ஒன்றாக நகர்ந்தன. திரை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கயிறு இல்லாமல் வீட்டு ஈரத்துணியெல்லாம் கதவு, ஜன்னல், திரையின் மேல்விளிம்பு என்று தொங்கின. அடுத்த ஒத்திகைப் பந்தயத்தை ஒரு ஈரத்துண்டின் அடியில் குனிந்து பார்த்து ஓட்டினார். புல்.

"கால்ல பலம் போதலை அத்தான்," என்றான் மச்சினன்.

அன்றிலிருந்து கடையில் ஆள் வரும்போதெல்லாம், கல்லாவுக்குக் கீழே சுவரை வலது காலால் உந்த ஆரம்பித்தார். "இது தெளிவா?" என்று கேட்டு ஓர் உந்து. "அது தெளிவா?" என்று இன்னோர் உந்து. "உங்க முகம்தான் சார் தெளிவா இல்ல. ஏன் இப்படிச் செவக்குது?" என்று கேட்டுவிட்டு ஒருவர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். நாலே நாளில் வலது தொடை மட்டும் கால்சட்டைக்குள் நுழைய மறுத்தது. மனைவி நாடா வைத்து அளந்து பார்த்துவிட்டு, தன் பதினைந்து வருட அனுபவத்தில் இப்படி ஒரு நோயைக் கண்டதில்லை என்றாள்.

பிரேக் பெடலுக்குள் இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட்டார். அதுவும் போதாதென்று ரப்பர் கட்டை ஒன்றைச் செருகினார். இப்போது பெடலை மிதிப்பதும் வீட்டுச் சுவரைத் தள்ளுவதும் ஒன்றாகிவிட்டது. அதைத் தாங்க எந்த நாற்காலியாலும் முடியாது.

வெள்ளிக்கிழமை காலை அவருக்கு அந்த யோசனை தோன்றியது. கார் ஓட்ட, கார் இருக்கைதான் வேண்டும்.

தச்சரை வரவழைத்தார். தச்சர் அதிகம் பேசாதவர். காது மடலில் பென்சிலும் வாயில் நாலு ஆணியுமாக இருப்பார்.

"கார்லேர்ந்து ஓட்டற சீட்டைக் கழட்டி, மாடியில போல்ட் போட்டு இறுக்கணும்," என்றார் கண்ணாடிக்காரர்.

தச்சர் ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்ப காரை எப்படி ஓட்டுவீங்க?"

"ரெண்டு நாள்தானே? பாத்துக்கலாம்."

தச்சர் ஆணிகளைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார். பெடல் பலகையையும் இருக்கையையும் ஒரே கட்டையில் பூட்டி, தரையைத் துளைத்து நான்கு நீளமான போல்ட்டுகளை இறக்கினார். மூன்று போல்ட் ஒழுங்காக இறங்கின. நான்காவது கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிட்டது.

ஐந்து நிமிடத்தில் கீழ் வீட்டு அம்மா மேலே வந்தாள். வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கையில் ஒரு கண்ணாடி விளக்குக் கூண்டு, இரண்டு துண்டாக இருந்தது.

"முப்பத்தோரு வருஷம் புயல் எச்சரிக்கை குடுத்தவ நான். என் தலைக்கு மேல ரெண்டு மாசமா மையம் கொண்டிருக்கறதை எந்த வகையில சேக்கறதுன்னே தெரியல. இப்ப கூரையிலேர்ந்து இரும்புக் கம்பி வேற எட்டிப் பாக்குது!"

கண்ணாடிக்காரர் கையைப் பிசைந்தார். "ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சிடும்மா. ஒரே ஒரு ரேஸ்."

"ஓட்டுங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஒரு 'தொம்' கேட்டுச்சுன்னா, நானே சுத்தியல் எடுத்து இதெல்லாத்தையும் கரை கடக்க வெச்சிடுவேன்."

அன்று மாலை மனைவி காரை எடுக்கக் கதவைத் திறந்தாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று இருந்தது. அதன்மேல் மெத்தை வைத்து, 'மெதுவாகப் போகவும்' என்று சீட்டும் எழுதி வைத்திருந்தார் கணவர். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் பஸ்ஸில் போனாள்.  

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. கார் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்தார். இடது பக்கம் முக்காலியில் கீழ் வீட்டு அம்மா, மடியில் சுத்தியல். வலது பக்கம் கதவில் சாய்ந்து மனைவி, கையில் போன். சாமான் ஏற்றும் வண்டிக்காரர் நம்பர் அதில் தயாராக இருந்தது.

"புல்வெட்டி வந்தாச்சா?" என்று காதில் மாட்டிய கருவியில் சங்கச் செயலாளர் குரல் கேட்டது. "வந்தா ஓரமா நின்னு எல்லாருக்கும் வழி விட்டுட்டு அப்புறம் கிளம்புங்க. புண்ணியமாப் போகும்."

பச்சை விளக்கு எரிந்தது. இருபத்தொரு கார்களும் சீறிக்கொண்டு போயின. கண்ணாடிக்காரர் க்ளட்சை மெள்ள மெள்ள விட்டு, கடிக்கிற இடத்தைக் காலால் தேடிப் பிடித்துக் கிளம்பினார். முதல் வளைவு நெருங்கியது. இடி மாதிரி மிதிக்க வலது கால் தயாரானது. சுத்தியல் லேசாக அசைந்தது.

மிதிக்க முடியாது. மிதித்தால் 'தொம்'.

 வளைவுக்கு வெகுதூரம் முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். க்ளட்சை அமுக்கி, ஒரு கியர் இறக்கினார். ஆக்ஸிலேட்டரை ஒரு செல்லத் தட்டு தட்டிவிட்டு க்ளட்சை விட்டார். எஞ்சின் உறுமிக்கொண்டு வேகத்தை இழுத்துப் பிடித்தது. இன்னொரு கியர். பிரேக் மேல் காலைச் சும்மா வைத்தார், அவ்வளவுதான்; தூங்கும் குழந்தைமேல் ஈ உட்கார்ந்தால் ஓட்டுவதுபோல. கார் முனகியது, தயங்கியது, திரும்பியது.

புல் இல்லை! தார்ச்சாலை!

"தாண்டிட்டேன்!" என்று கத்தினார்.

"கத்தறதும் சத்தம்தான்," என்றாள் கீழ் வீட்டு அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததை அவரே நம்பவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்கூட்டியே காலைத் தளர்த்தினார், கியரை இறக்கினார், முட்டை உடையாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தி வெளியே வந்தார். முன்னால் போனவர்கள் ஒருவரையொருவர் முந்தப் பார்த்து இடித்து விழுந்தார்கள். பின்னால் வந்தவர்கள் இன்னும் விசித்திரமாக விழுந்தார்கள்: அவர் வாலைப் பிடித்துக்கொண்டே வளைவுவரை வந்து, அப்படியே நேராகப் புல்லுக்குள் போனார்கள்.

பத்தாவது சுற்றில் கீழ் வீட்டு அம்மா சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு முக்காலியின் விளிம்புக்கு வந்திருந்தாள். "இடது பக்கம் காலியா இருக்கு, போங்க! காத்து மாதிரி போங்க!"

மனைவி போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

அவர் முதலாவதாக வந்தார்.

 காதில், ஆறு வாரமாகத் தோல்வியே காணாத ஒரு குரல் தழுதழுத்தது. "சார், பதினாலு சுத்துல கடைசி நாலு சுத்தும் உங்க பின்னாடியே வந்தேன். நீங்க எப்ப பிரேக் போடறீங்கன்னே தெரியல. பின்விளக்கு ஒரு தடவைகூட எரியல சார்! அவ்வளவு மிருதுவா ஒரு மனுஷன் பிரேக் பிடிக்க முடியுமா?"

"புல்வெட்டிங்கற பேரை இந்த நிமிஷமே ரத்து பண்றேன்," என்றார் செயலாளர். "இனிமே இவர் 'வெண்ணெய்க்கால்'. அடுத்த ஞாயிறு ரேஸ் கிடையாது. ஐயா பிரேக் பிடிக்கும் கலையைப் பத்திப் பாடம் எடுக்கறாரு."

அந்த ஏழு நாளும் கண்ணாடிக்காரரின் கால் தரையில் படவில்லை. 'பிரேக் என்பது பலம் அல்ல, பக்குவம்' என்று ஆரம்பித்து, ஒன்பது பக்கம் எழுதினார். கடைக்கு வந்தவர்களுக்குக் கண்ணைச் சோதிக்கும்போதே படித்துக் காட்டினார். மச்சினன் போன் செய்து, எல்லாம் தான் சொல்லிக் கொடுத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தெரிவித்தான். மனைவியும் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கணவரின் வலது காலை உதாரணம் காட்டினாளாம். ஆனாலும் கார் இருக்கை காருக்குத் திரும்ப வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். மாடிக்குத் தச்சர் மரத்திலேயே ஒன்று செய்து தருவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை பாடத்தைக் கேட்க இணையத்தில் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். வேறு சங்கங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். அதே நேரத்துக்குத் தச்சரும் வந்து சேர்ந்தார்.

"நீங்க பாட்டுக்கு அடியில போய் வேலையைப் பாருங்க. நான் பேசிக்கிட்டிருப்பேன்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரர் ஒலிவாங்கியை உதட்டருகே இழுத்தார். தச்சர் தவழ்ந்து பெடல் பலகைக்கு அடியில் போனார். கீழ் வீட்டு அம்மா முக்காலியோடு முன்வரிசையில் இருந்தாள். மனைவி புதுப் புடவையில்.

முக்கால் மணி நேரம் பேசினார். இடி மாதிரி மிதிப்பவன் கற்றுக்குட்டி என்றார். பெடலும் பாதமும் பேசிக்கொள்ளும் பாஷை ஒன்று இருக்கிறது என்றார். எண்பது கிலோவும் வேண்டாம், எட்டுக் கிலோவும் வேண்டாம், நினைத்தாலே போதும் என்றார். முந்நூறு பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள்.

"கடைசியா ஒண்ணு," என்று குரலைத் தாழ்த்தினார். "என் பிரேக்குல அப்படி என்ன ரகசியம்னு எல்லாரும் கேட்டீங்க. அதை இப்ப, முதல் தடவையா சொல்லப் போறேன்."

ஒலிவாங்கியை இன்னும் நெருக்கமாக இழுத்தார். அதே நேரத்தில், பலகைக்கு அடியிலிருந்து தச்சர் வாயிலிருந்த ஆணிகளைத் துப்பிவிட்டுக் கணீரென்று கேட்டார்:

"சார், 'பிரேக்'னு சீட்டு ஒட்டின ஒயரு எதுலயும் சொருகாம, கட்டின ரப்பர்பேண்டோட சும்மா கிடக்கே. இது எதுக்கு, வெட்டி எறிஞ்சிடட்டுமா?"