ஏழாம் நம்பர் பூட்ஸும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் தயிரும்

கோட்-டெ-நெய்ஜ், மான்ட்ரியல்
27 ஜனவரி 1974

சிரஞ்சீவி தம்பி கனகசபைக்கு, மூத்தவன் வைத்திலிங்கம் ஆசிகளோடு எழுதுவது. இங்கே நான், மகன் பாலகிருஷ்ணன், மருமகள் சியாமளா, பேத்தி ரமா ஆகிய நால்வரும் ஈசன் அருளால் விறைத்துப்போகாமல் இருக்கிறோம். அங்கே நீயும் தங்கமும் பிள்ளைகளும் வேர்வையோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் ஐந்தாவதாக ஒருவரும் இருக்கிறார். அவர் மிகமிகச் சுகமாக இருக்கிறார். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சியாமளாவின் அப்பா, என் சம்பந்தி, பேராசிரியர் நாகசுப்பிரமணியனைச் சொல்கிறேன். முப்பது வருஷம் கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். எனக்கு இரண்டு மாதம் முன்னாலேயே இங்கே வந்து, வெயில் விழுகிற அறையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவியும் உன் அண்ணியைப் போலவே போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஒன்றில்தான் நாங்கள் சமம். மற்றபடி அவர் எம்.ஏ., நான் ஐந்தாம் வகுப்பு. ஆனால் பம்புசெட் மோட்டாரை அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்ட எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை என்பது உனக்குத் தெரியும். அவருக்கு ஒரு டார்ச் லைட்டில் பாட்டரியைத் திருப்பிப் போடத் தெரியாது. இது நானே பார்த்தது.

ரமாவுக்கு ஐந்து வயது. நாலு தெரு தள்ளிப் பாலர் பள்ளி. மகனும் மருமகளும் விடிந்ததும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவதால், குழந்தையைக் கைபிடித்துக் கூட்டிப்போகும் பாக்கியம் இவருக்கு. தினமும் காலையில் வாசல் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, முடிசூட்டுகிற மாதிரி நிதானமாகத் தன் பூட்ஸைப் போடுவார். ஒன்பதாம் நம்பர். அடியில் ரப்பர், மேலே தோல், முழங்கால் பாதிவரை கயிறு. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த தோல் ஷூவைப் போட்டுக்கொண்டு முதல் வாரமே படியில் சறுக்கி உட்கார்ந்ததால், "பூட்ஸ் வாங்கறவரைக்கும் கீழ இறங்கவே கூடாதுப்பா" என்று பாலகிருஷ்ணன் உத்தரவு போட்டுவிட்டான். மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று கையாட்டுவேன். என் மகன் பெற்ற குழந்தை, என் வம்சம், அது அவர் கையைப் பிடித்துக்கொண்டு பனியில் குதித்துக் குதித்துப் போகும். அதுகூடப் பரவாயில்லை. அவரைப் பூட்ஸ் தாத்தா என்றும் என்னை ஜன்னல் தாத்தா என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தம்பி, அன்று இரண்டு வேளை நான் சரியாகச் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

பூட்ஸ் வாங்குவது என்று முடிவு செய்ததும் கேட்காமலே உபதேசம் வந்தது.

"சம்பந்தி, ஒரு நம்பர் பெரிசா வாங்குங்க. விரல் உள்ள ஆடணும். சுத்தி காத்து நிக்கணும். அந்தக் காத்துதான் குளிரைத் தடுக்குது."

"காத்து உள்ள வரக்கூடாதுன்னுதானே பூட்ஸே போடறோம்?"

"அது வேற காத்து, சம்பந்தி."

"காத்துல என்னங்க இந்தக் காத்து, அந்தக் காத்து?"

சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே ஒரு நம்பர்கூடப் பெரிதாக வாங்குவதில்லை, அவர் பூட்ஸ் பக்கம் என் கால் திரும்பக்கூடாது என்று சபதம் செய்துவிட்டு, மகன் உத்தரவை மீறிப் பழைய தோல் ஷூவிலேயே, கையில் விலாசச் சீட்டோடு இரண்டு பஸ் மாறி, ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குத் தனியாகப் போனேன். கடைப் பெண்ணுக்குப் பிரெஞ்சு தவிர வேறு தெரியாது. என் காலைப் பார்த்துவிட்டு ஒன்பதாம் நம்பரைக் கொண்டுவந்தாள். நான் ஏழு விரலைக் காட்டினேன். அறுபத்தாறு வயதுவரை ஏழு போட்ட கால், கனடா வந்தவுடன் வளர்ந்துவிடுமா? கடைசியில் ஏழைக் கொடுத்தாள். கால் பாதிக்குமேல் நுழையவில்லை. உள்ளே பார்த்தால், விரல் தடிமனில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் கூடு, பூட்ஸ் வடிவத்திலேயே அடைத்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் புது ஷூ நசுங்காமலிருக்கக் காகிதம் திணிப்பார்கள் அல்லவா, பணக்கார தேசம், கம்பளியே திணிக்கிறான் என்று புரிந்துகொண்டு அதை உருவிப் போட்டேன். கால் கச்சிதமாக நுழைந்தது. அந்தப் பெண் கூட்டை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தாள். நான் உருவினேன். அவள் வைத்தாள். நான் உருவினேன். நாலு தடவை. பிறகு பெருமூச்சு விட்டு இரண்டு கூட்டையும் பெட்டியிலேயே தனியாகப் போட்டு, மெர்சி என்றாள், நன்றியாம். நானும் மெர்சி என்றேன். எங்களுக்குப் பொதுவாக இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

இந்த இடத்தில் தயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கழி பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் பால் தோயவில்லை. சியாமளா என்னென்னவோ செய்து பார்த்தாள். காலையில் பார்த்தால் பால் பாலாகவே இருக்கும். கடைத் தயிரிலோ ஸ்டிராபெர்ரியும் சர்க்கரையும். பேராசிரியர் வெப்பநிலையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார், பால் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கம்பளிக் கூட்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. ஊறுகாய் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, வெதுவெதுப்பான பாலில் சியாமளா எடுத்து வைத்திருந்த பழைய மோரைக் கொஞ்சம் விட்டு, இடது கூட்டுக்குள் இறக்கி, அரிசி மூட்டைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வைத்தேன். காலையில் கவிழ்த்தாலும் விழாத தயிர். வலது கூட்டில் இட்லி மாவு வைத்தேன், பொங்கி வழிந்தது. சியாமளா கண்கலங்கிவிட்டாள். "எப்படி மாமா?" என்றாள். "கைராசிம்மா" என்றேன். எதிர் பிளாக் அனுசூயா டாக்டரம்மா கிண்ணத்தோடு வந்து உறைமோர் வாங்கிப்போனார். சம்பந்தி மூன்று தடவை மோர்சாதம் போட்டுக்கொண்டார், ஒன்றும் பேசாமல். அந்த மௌனம் இருக்கிறதே, தம்பி, நெய் விட்டுச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

சரி, பூட்ஸுக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு வாரம் முறை வைத்துக்கொள்வது என்று பேசி, போன திங்கட்கிழமை குழந்தையின் கை என் கைக்கு வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து என்று ரேடியோவில் சொன்னார்கள். முதல் தெருவில் கால் சுள்ளென்றது. இரண்டாவது தெருவில் எரிந்தது. மூன்றாவது தெருவில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பள்ளி வாசலில் கதவு திறக்கப் பத்து நிமிஷம். நான் நின்ற இடத்தில் மாறி மாறிக் கால் தூக்கினேன்.

"தாத்தா, ஏன் டான்ஸ் ஆடற?"

"சந்தோஷம்டா கண்ணு."

"பூட்ஸ் தாத்தா ஆட மாட்டாரே."

செவ்வாய்க்கிழமை உள்ளே செய்தித்தாள் சுற்றிப் போனேன். புதன்கிழமை மூன்று சாக்ஸ் போட்டேன், அப்புறம் பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. வியாழக்கிழமை சம்பந்தியைச் சாப்பிடக் கூப்பிட அவர் அறைக்குள் போனால், மனுஷர் ஹீட்டர் மேல் காயப்போட்டிருந்த இரண்டு சாம்பல் நிறக் கம்பளிக் கூட்டை எடுத்து, ஒவ்வொன்றாகத் தன் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டிருக்கிறார். நான் கதவிலேயே நின்றுவிட்டேன். அது திணிப்பு இல்லை, தம்பி. பூட்ஸே அதுதான். மேலே இருப்பது வெறும் தொட்டி. அவர் சொன்ன அந்த வேற காத்து முழுக்க என் சமையலறையில் தயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது என் நிலைமையை நீயே யோசி. கூட்டை எடுத்துப் பூட்ஸில் போட்டால் அந்த ஏழாம் நம்பரில் கால் நுழையாது. பெரிதாக மாற்றக் கடைக்குப் போனால் இவர் சொன்னது சரி என்று ஊரெல்லாம் தெரியும். தயிரும் நின்றுபோகும். அதைவிட, இத்தனை நாள் குடும்பமே செருப்புக்குள் தோய்ந்த தயிரைச் சாப்பிட்டது என்று தெரிந்தால், எந்த முகத்தோடு இங்கே இருப்பேன்? அந்தக் கூட்டில் இதுவரை யார் காலும் படவில்லை, புதுத்துணி மாதிரி சுத்தம் என்று எனக்குத் தெரியும்; டாக்டரம்மாவுக்கு யார் சொல்வது? ஆகவே முடிவு செய்துவிட்டேன். முழங்கால் வலி என்று சொல்லி என் முறையை விட்டுக்கொடுக்கிறேன். குழந்தையின் கையை அவரே வைத்துக்கொள்ளட்டும். தயிர் என்னுடையது. எனக்கு அவர்மேல் துளியும் பொறாமை இல்லை என்பதை ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லவும், கேட்காதவர்களுக்கும் சொல்லவும்.

தங்கத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் எல்லாரும் கால் சூடாக நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வைத்திலிங்கம்

பி.கு.: தபால்தலை வாங்கக் கீழே இறங்காததால் இரண்டு நாள் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. மேலே எழுதியதில் சபதம் சம்பந்தப்பட்டவற்றை அடித்துவிட்டுப் படி. இன்று காலை அரிசி மூட்டைக்குப் பின்னால் கைவிட்டால், என் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டில், என் கூட்டைவிடப் பெரிய கூட்டுக்குள். பேராசிரியர் எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை, எனக்கு வந்த பெயர் பொறுக்காமல் தன் பூட்ஸையே பிரித்துவிட்டார். கம்பளிச் செருப்போடு ஜன்னலில் நின்றுகொண்டு, "எனக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கு சம்பந்தி, நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார். அவருடைய காலி ஒன்பதாம் நம்பருக்குள் என் ஏழாம் நம்பர் கூட்டைச் செருகிக் காலை விட்டேன். கூடு நெகிழ்ந்து இடம் கொடுத்தது. விரல் ஆடியது. நாலு தெருவும் போய்வந்தேன். கால் இட்லிப் பானையில் வைத்த மாதிரி இருந்தது. குழந்தை வழியெல்லாம் என்னைப் பூட்ஸ் தாத்தா என்றுதான் கூப்பிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. ஆனால் மத்தியானம் அவர் தயிர் தட்டுக்கு வந்தது. கத்தியால் வெட்டலாம் போல அப்படிக் கெட்டி. ரமா அவரைத் தயிர் தாத்தா என்கிறாள். தங்கம் உறை ஊற்றுவதில் ஏதோ ஒரு பக்குவம் வைத்திருப்பாளே, அதை விவரமாக எழுதி உடனே ஏர்மெயிலில் அனுப்பவும். கடித உறையின்மேல் என் பெயரை மட்டும் பெரிதாக எழுது.