முகத்துக்கு முதலாளி இல்லை

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அண்ணன் அன்பரசன் அவர்களுக்குத் தங்கை சவுரியம்மாள் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் என் மகள் மெர்சியும் சுகம். ஒடுகத்தூர்க் குளிரில் அண்ணியின் முழங்கால் எப்படியிருக்கிறது? போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று திகைக்க வேண்டாம். போனோடு எனக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

போன மாதம் எங்கள் பழைய ஷூ கம்பெனி தையல் செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் ஒரு மண்டபத்தில் கூடினோம். பிரியாணி சாப்பிட்ட கையோடு, அந்தக் காலத்தில் ஓவர்டைம் நேரத்தில் ஸ்பீக்கரில் ஓடுமே, அந்தப் பாட்டை யாரோ போட்டுவிட்டார்கள். அண்ணே, எனக்கு அறுபது வயசு என்பது காலுக்குத் தெரியவில்லை, ஆடிவிட்டேன். கூட வேலை செய்த எழிலரசி அதை வீடியோ எடுத்து எங்கள் குரூப்பில் போட, அங்கிருந்து நெட்டில் காமெடிப் பக்கம் நடத்துகிற எவனோ ஒருவன் தூக்கிக்கொண்டு போய், "ஆம்பூர் ஆட்டுத்தோல் ஆடுது பார்" என்று தலைப்பு வைத்து ஊருலகத்துக்கே காட்டிவிட்டான். லட்சக்கணக்கில் பார்த்தார்களாம். காய்கறிக் கடை முக்தார் அகமது, "இன்னாம்மா, கடைக்கும் ஆடிக்கினே வர்றதுதானே?" என்கிறார். மெர்சியைப் பெண் பார்க்க வருவதாயிருந்த ராணிப்பேட்டை வீட்டார், "அப்புறம் சொல்றோம்" என்று நிறுத்திவிட்டார்கள். இது எங்கள் அம்மா முகம், எடுத்துவிடுங்கள் என்று வீடியோ ஓடுகிற அந்த நெட் கம்பெனிக்கு மெர்சி புகார் எழுதினாள். எங்கள் விதிகளுக்கு விரோதமாக அதில் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. யாரடி எழுதினது, நேரில் போய்க் கேட்கலாம் என்றேன். "மெஷின்மா அது" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அப்போது உங்கள் ஞாபகம்தான் வந்தது. கம்பெனி அடையாள அட்டைக்கு நான் எடுத்த போட்டோவை, பஜாரில் அப்துல் சமத் பாய் பெரிசு பண்ணி ஸ்டூடியோ வாசலில் மாட்டிவிட்டாரே! நீங்கள் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்து, சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் உள்ளே போய், "பாய், அது எங்க வூட்டுப் பொண்ணு" என்றீர்கள், அவ்வளவுதான். "மன்னிச்சிக்க தோஸ்த், மூஞ்சி லட்சணமா கீதேன்னு மாட்டிட்டேன்" என்று கழற்றி, நெகட்டிவையும் கவரில் போட்டுக் கொடுத்து, நம் இரண்டு பேருக்கும் டீ வாங்கித் தந்தார். இப்போது போய் நின்று சண்டை போட ஒரு கடை வாசல்கூட இல்லை, அண்ணே.

கடைசியில் மெர்சிதான், "அம்மா, உன் மூஞ்சிக்குத்தான் ஓனர் யாரும் இல்ல, பாட்டுக்கு ஓனர் இருக்கான்" என்றாள். அந்தப் பாட்டுக் கம்பெனிக்கே எழுதச் சொன்னேன்: "ஐயா, உங்கள் பாட்டுக்கு உங்களைக் கேட்காமல் ஒரு கிழவி ஆடிக்கொண்டிருக்கிறாள், என்னவென்று விசாரியுங்கள்." மறுநாளே வீடியோ காணோம்! காப்புரிமையாம். பிறந்ததிலிருந்து நான் சுமக்கிற முகத்துக்கு இல்லாத மரியாதை, எவரோ பாடிய பாட்டுக்கு இருக்கிறது. இருந்தாலும் ஜெயித்தேனே என்று பாயசம் வைத்தேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உங்கள் எல்லாரையும் எந்தக் கேமரா கண்ணிலும் படாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை சவுரியம்மாள்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது பூர்ணிமா போன் பண்ணினாள். வருஷக்கணக்காக என் பக்கத்து மெஷினில் தைத்தவள், மகனோடு ஓசூருக்குப் போனபின் தொடர்பே விட்டுப்போயிருந்தது. வீடியோவில் என்னை அடையாளம் கண்டு, யார் யாரிடமோ கேட்டு நம்பர் பிடித்திருக்கிறாள். "தெனம் அதைப் பாத்துட்டுதான்டி தூங்குவேன். இப்பக் காணோமே, எந்தப் பாவிடி அதை எடுக்க வச்சது?" என்று திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். உங்கள் போனில் அந்த வீடியோ இருந்தால் உடனே அனுப்புங்கள், அவளுக்கு வேண்டுமாம். பாட்டுக் கம்பெனிக்கு மட்டும் தெரிய வேண்டாம்.