அரிசியோடு சண்டை போட்டவர்

ஜொகூர் சமஸ்தானத்தில் அரிசியோடு சண்டை போட்டுச் சிறைக்குப் போன மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் புழுங்கல். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அது அவருக்கே மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

செனாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். புழுங்கல் அங்கே மாட்டுவண்டிக்காரர். ரயிலடியிலிருந்து அரிசி மூட்டைகளை ஏற்றி வருவது அவர் வேலை. ஒவ்வொரு மூட்டையிலும் கையை விட்டு நாலு அரிசியை வாயில் போட்டு மென்று, கண்ணை மூடி யோசித்து, "ம், ஏறு" என்று மூட்டைக்கே உத்தரவு கொடுப்பார். புழுங்கலரிசிக்குத்தான் இந்த மரியாதை. பச்சரிசி மூட்டை வந்துவிட்டால் அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று திருப்பி வைப்பார். மூட்டைக்கு முகம் எது என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

"ஏண்ணே, பச்சரிசி உங்களை என்ன பண்ணுச்சு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கிராணியாரே, பச்சரிசி ரெண்டு பேருக்குத்தான். ஒண்ணு சாமி, இன்னொண்ணு பொணம். வாய்க்கரிசி எதுல போடுறாங்க? நான் சாமியும் இல்ல, இன்னும் பொணமும் ஆவல."

முதல் ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு அரிசிப் பஞ்சம் வந்தது. நம் ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த புழுங்கலரிசி நின்றுவிட்டது. சர்க்கார் அரிசி வியாபாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, கிடைத்ததைத் தோட்டங்களுக்குப் பங்கிட்டது. கிடைத்தது சயாம் பச்சரிசி. மில்லில் தீட்டித் தீட்டி வெள்ளை வெளேரென்று வந்து இறங்கியது.

கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் ஒரே குதூகலம். பொங்கலுக்கு மட்டும் கண்ட சோறு இனி தினமும்! என் மனைவி அதை வடித்து, இலையில் போட்டு, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகு.

புழுங்கல் மட்டும் ஏற்ற மாட்டேன் என்று ரயிலடியில் உட்கார்ந்துகொண்டார். தோட்டத் துரை வேலைச் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று மிரட்டியதும் ஏற்றினார். ஆனால் வண்டியில் உட்காரவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் நடந்து, மாரில் அடித்து ஒப்பாரி வைத்தபடியே தோட்டம் வரைக்கும் வந்தார். எங்கள் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.

சில மாதங்களில் சிரிப்பு நின்றது. முதலில் கால் மரத்தது. பிறகு வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பால்வெட்டுக்குப் போனவர்கள் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் லயத்தில் சாவு விழ ஆரம்பித்தது. கடைசியில் என் மனைவிக்கும் கால் வீங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், ஒரு காலையில் எழுந்து நிற்க முடியாமல் என்னைப் பார்த்து அழுதாள். ஆஸ்பத்திரியில் பெரிபெரி என்று சொல்லி உப்பு மருந்து கொடுத்தார்கள்; வீக்கம் இறங்கவில்லை. அவளை இழந்துவிடுவேன் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மரவள்ளிக்கிழங்கும் கீரையும் தின்று திடமாக நடமாடிக்கொண்டிருந்த புழுங்கல், அவளுக்குக் காரணம் சொல்ல வந்தார்.

"தங்கச்சி, பச்சரிசி தின்னா பூமி நம்மளப் பொணம்னு நெனச்சுக்கும். காலப் புடிச்சு இழுக்கும். அதான் கால்லேருந்து வீங்குது. கேப்பைக் கூழ் குடி, பூமி விட்டுடும்."

"கேப்பைக்கு எங்கண்ணே போறது?" என்றாள் அவள்.

கேப்பை இருந்தது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு தோட்டமும் உணவுப் பயிர் போட வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்தது. எங்கள் துரை கெட்டிக்காரர். அதிகாரியின் வண்டி வருகிற பாதையோரமாக, கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி கேழ்வரகு போட்டார். கதிர் முற்றியது. ஆனால் அதிகாரி வந்து பார்க்கும்வரை ஒரு கதிரையும் தொடக்கூடாது என்று தடை. அதிகாரிக்கு முதலில் காய்ச்சல், பிறகு மழை, பிறகு விருந்து. கேழ்வரகு மண்ணில் உதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பிணங்களைத் தூக்கிப் போனோம்.

ஒரு நாள் மத்தியானம், பட்டப்பகலில், துரை சாப்பிட்டுத் தூங்குகிற நேரமாகப் பார்த்து, புழுங்கல் அரிவாளோடு இறங்கினார். பாட்டு வேறு. அறுத்ததை எல்லாம் வண்டியில் போட்டு, லயத்தில் வீட்டுக்கு வீடு வாசலில் கொட்டினார். என் வீட்டு வாசலில் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

மறுநாள் பார்த்து அதிகாரி வந்துவிட்டார். துரை பெருமையாகக் கையை நீட்டிய இடத்தில் வெறும் தாள்தான் நின்றது.

"பயிர் எங்கே?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"சுடா மாக்கான், துவான்!" என்றார் புழுங்கல். சாப்பிட்டாயிற்று ஐயா என்று அர்த்தம்.

அதிகாரி சிரித்துவிட்டார். துரை சிரிக்கவில்லை. ஜனங்கள் சாப்பிடுவதற்காகப் போட்ட பயிரை ஜனங்களுக்குச் சாப்பிடக் கொடுத்த குற்றத்துக்காக, திருட்டு என்று எழுதி, புழுங்கலைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அவர் விடுதலையானபோது தோட்டத்துக்குள் விடக்கூடாது என்று துரையின் கட்டளை. பாதையோரம் நின்று எனக்கு ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், ஆள் முன்னைவிடப் பளபளவென்று இருக்கிறார்.

"கிராணியாரே, ஜெயில்ல என்ன போட்டாங்க தெரியுமா? புழுங்கலு! கைதிக்குக் கால் வீங்கக் கூடாதுன்னு சர்க்கார் உத்தரவாம். அப்பத் தெரிஞ்சுதான இருக்குது? தெரிஞ்சத நம்ம ஜனத்துக்கும் போட்டா என்னவாம்?"

நான்தான் சர்க்கார் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லயத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். இல்லாதவர்களின் பெயர்களைச் சொன்னேன். அத்தனை பேச்சுக்காரர், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி?" என்றார், துண்டை எடுக்காமலே.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் குரல் கேட்டது. "அண்ணே, வந்துட்டீங்களா?"

என் மனைவி கேப்பைக் கூழ்ச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். யாரையும் பிடிக்காமல், எதிலும் சாயாமல் வந்தாள்.

புழுங்கல் அவளைப் பார்க்கவில்லை. அவள் கால்களையே பார்த்தார். "இன்னொரு தரம் நடந்து காட்டு தங்கச்சி," என்றார். அவள் திரும்பிப் போய், மறுபடி நடந்து வந்தாள். அவர் சின்னப் பிள்ளைபோல் விசும்பி அழுதார்.

கிராணி ஒருவன் வண்டிக்காரர் காலில் விழுவதைப் பாதையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.