முப்பதடிக்குள் சருகு கூடாது

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வீர முடிவுக்கு வந்தார்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் புதுக் கார் வாங்கியதற்கு ஆறு வாணம் விட்டிருந்தார். இவர் கடை தொடங்கி இருபத்தைந்து வருஷம். பன்னிரண்டு விட வேண்டாமா? ஊராரையெல்லாம் வாயைப் பிளக்கச் சொல்கிற அந்த டாக்டர், ஒரு நாளாவது தானே பிளக்கட்டும்!

மனைவியிடம் அனுமதி கேட்கவில்லை; அறிவித்தார். அவ்வளவு தைரியம் வந்ததற்குக் காரணம், அவள் குளியலறையில் இருந்தாள், குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை வாணம் விடப்போறேன்!"

குழாய் நின்றது.

"என்னது?"

"இல்ல... சும்மா... வாணம்..."

தலையைத் துவட்டியபடி வந்தவள், "தாராளமா விடுங்க. நகராட்சியில அனுமதி வாங்கணும். நானே வாங்கிட்டு வர்றேன்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் 'தாராளமா' என்ற சொல் வந்ததே இல்லை. வேறு யாராயிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். இவர் பூரித்துப்போனார்.

திங்கட்கிழமை அனுமதிச் சீட்டு வந்தது, கூடவே விதிகள் அச்சடித்த தாளும். அவள் படிக்க, இவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டார்.

"வாணம் விடுற இடத்தைச் சுத்தி முப்பதடிக்குக் காய்ஞ்ச புல்லு, சருகு இருக்கக் கூடாதாம்."

"நம்ம தோட்டமே முப்பதடிதானேடி?"

"அதைத்தான் சொல்றேன்."

அந்தத் தோட்டத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி அவள் இரண்டு வருஷமாக மன்றாடுகிறாள். கேட்கும்போதெல்லாம் இவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். இப்போது இடுப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை புல் வெட்டினார். புதன்கிழமை அடுத்த விதி வந்தது: கூரையிலும் சருகு கூடாது. ஏணி ஏறினார். வியாழக்கிழமை, பக்கத்தில் பழைய மரச்சாமான் கூடாது. மூன்று கால் மேசையும் உடைந்த கட்டிலும் வண்டியேறின. வெள்ளிக்கிழமை, தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். எட்டு மாதமாக ஒழுகிய தோட்டத்துக் குழாய் ஒழுங்கானது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், வீட்டை விக்கப்போறீங்களா?"

"நாளைக்குத் தெரியும்!"

சனிக்கிழமை மாலை. மணல் நிரப்பிய பாட்டில்களில் பன்னிரண்டு வாணங்கள் வானத்தைக் குறிபார்த்து நின்றன. அக்கம்பக்கம் மதிலோரம் கூடிவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்தார்.

"ஏங்க, ஒரு நிமிஷம். கடைசி விதியையும் படிச்சிடறேன்."

"இன்னும் இருக்கா?"

"பொடி எழுத்துல இருக்கு. 'வறட்சி காரணமாக, வெள்ளிக்கிழமை முதல் மழை பெய்யும் வரை தீத்தடை. இக்காலத்தில் வாணம் விடக் கூடாது. மீறினால் வழக்கு.'"

"வெள்ளிக்கிழமைன்னா... நேத்தா?"

"ஆமாங்க."

"இதை முதல்லயே படிக்கிறதுக்கென்ன?"

"ஒரு நாளைக்கு ஒரு விதிக்கு மேல சொன்னா உங்களுக்குத் தலை சுத்துமேங்க. அதுவுமில்லாம, ஊர்ல எல்லாரையும் உக்காரவச்சுக் கடைசி வரியைப் படி, கடைசி வரியைப் படின்னு உயிரை வாங்கறவரு நீங்க. நீங்க படிக்காமலா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

குச்சி விரலைச் சுட்டது. அன்றைக்கு எரிந்தது அது ஒன்றுதான். பல் டாக்டர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். எல்லாம் சொந்தப் பல்.

கூட்டம் கலைந்தது. கணவரின் முகம் தொங்கியதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"விடுங்க, அனுமதி ஒண்ணும் வீணாகல. மழை வந்ததும் விடலாமாம். அதுவரைக்கும் வாராவாரம் நீங்க தோட்டத்தை இதே மாதிரி கூட்டி வச்சிருக்கணும், அவ்வளவுதான்."

கண்ணாடிக்கடைக்காரர் தாளை வெடுக்கென்று பிடுங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினார். திருப்பிப் போட்டும் தேடினார்.

"அப்படி எந்த விதியில இருக்கு?"

"உங்க தலைவிதியில" என்று துடைப்பத்தை நீட்டினாள்.